இருதய ஆபரேஷனும் யூரின் ரிப்போர்ட்டும்

(நம் சங்கத்தின் நாக்பூர் கிளையில், மூத்த உறுப்பினர்களுக்கான மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சர்க்கரை, பிபி, முழங்கால் வலி ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசுகிறேன் என்று சொன்னேன். அந்த மூன்றைப் பற்றியும் இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள். நான் எடுத்துக்கொண்டது, சபையில் பேசக் கொஞ்சம் கூச்சப்படுகிற விஷயம். வயதானவர்களுக்கு இருதய ஆபரேஷன் என்று முடிவான பிறகு, சிறுநீரில் கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வது என்பதுதான் அது.

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மத்திய அரசின் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும், இது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று கேட்கிற புத்தி மட்டும் இன்னும் போகவில்லை. என் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் நடந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகு, இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். சந்தேகம் வந்த இடங்களில், தெரிந்த டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டு சம்பவங்கள்

முதலாவது என் அத்திம்பேருக்கு நடந்தது. அவருக்கு அப்போது 76 வயது. இருதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று தேதி குறித்தார்கள். அதற்கு முன் செய்யும் பரிசோதனைகளில் யூரின் கல்ச்சரும் ஒன்று. ஈ. கோலை என்ற கிருமி, ஒரு மில்லி லிட்டரில் 1,00,000க்கு மேல் என்று ரிப்போர்ட் வந்தது. வீடே கலங்கிவிட்டது. நான் போனில், "அத்திம்பேர், எரிச்சல் இருக்கா? ஜுரம் கிரம் உண்டா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்லேடா. வியாதி பேப்பர்லதான் இருக்கு" என்றார்.

அதற்குள் பக்கத்து கிளினிக்கில் சக்தி வாய்ந்த ஆன்டிபயாடிக் ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. உடம்பில் நீர் வற்றி, கிரியாட்டினின் ஏறிவிட்டது. ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. அந்த ஒரு மாதத்தில் அவருக்கு மூச்சு வாங்குவது அதிகமாகி, மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. பிறகு வேறொரு மருத்துவக் குழு பார்த்தது. மறுபடி எடுத்த கல்ச்சரில் அதே கிருமி அப்படியே இருந்தது. அவர்கள் எரிச்சல், ஜுரம், விலா வலி உண்டா என்று விசாரித்தார்கள். எதுவும் இல்லை என்றதும், கிருமிக்கென்று தனி மருந்து எதுவும் தராமல், எல்லோருக்கும் ஆபரேஷன் சமயத்தில் போடும் ஊசியை மட்டும் போட்டு வால்வை மாற்றினார்கள். நன்றாகத் தேறினார்.

இரண்டாவது, எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு மாமி. வயது 72. பைபாஸ் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அமெரிக்காவிலிருந்து பிள்ளை மூன்று வாரம் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தான். அட்மிஷனுக்கு நான்கு நாள் முன்பிருந்தே மாமிக்கு நீர்க்கடுப்பு. "இதையெல்லாம் ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா தேதியை மாத்திடுவா. பிள்ளையோட லீவு வீணாப் போயிடும்" என்று நினைத்து, பார்லி கஞ்சி குடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டார். அட்மிஷன் ஆன அன்று ராத்திரி குளிர் நடுக்கத்தோடு ஜுரம். சர்ஜன் ஆபரேஷனை நிறுத்திவிட்டார். பத்து நாள் ஊசி. ஆபரேஷன் நடந்தபோது பிள்ளை ஊரில் இல்லை. ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் பெரும்பாலும் சில நாள் மாத்திரையோடு முடிந்திருக்கும் என்று டாக்டரே பின்னால் சொன்னார்.

ஒருவருக்கு வேண்டாத மருந்து கொடுத்ததால் கஷ்டம். இன்னொருவருக்கு வேண்டிய மருந்து தாமதமானதால் கஷ்டம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் போதும், இன்றைய பேச்சின் சாரம் அவ்வளவுதான்.

கிருமி இருப்பது வேறு, வியாதி வேறு

நாம் காலேஜில் படித்த காலத்தில் சிறுநீரில் கிருமியே இருக்காது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது சரியில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. வயதாக ஆக, எந்தத் தொந்தரவும் செய்யாமல் சிறுநீர்ப்பையில் கிருமிகள் குடியிருப்பது சகஜம். வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும் 70 வயது தாண்டிய பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் இது காணப்படுகிறது. முதியோர் இல்லங்களில் வசிக்கும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேர் வரை. பல வாரங்கள் டியூப் வைத்திருப்பவர்களில் ஏறத்தாழ எல்லோருக்குமே இருக்கும். மருத்துவர்கள் இதை அறிகுறியற்ற கிருமி என்கிறார்கள். இது தொற்று நோய் அல்ல.

மாமிகளுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைவதால், அந்தப் பகுதியின் இயற்கையான பாதுகாப்பு குறைகிறது. மாமாக்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கி, சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் கொஞ்சம் தங்கிவிடுகிறது. தேங்கிய குட்டையில் பாசி பிடிப்பது போலத்தான்.

ஒரு மில்லி லிட்டரில் 1,00,000 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அமெரிக்காவில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் 1950களில் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. சாம்பிள் எடுக்கும்போது தோலிலிருந்து தவறி விழுந்த கிருமியா, உள்ளேயே பெருகிய கிருமியா என்று பிரித்தறிய அவர் வைத்த கோடு அது. உள்ளே கிருமி இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். அந்த மனிதருக்கு நோய் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' என்று போடுகிறார்களே, சீழ் அணுக்கள், அவையும் அப்படித்தான். அறிகுறி இல்லாதவருக்கு அவை கூடுதலாக இருந்தாலும், அதை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்லிவிட முடியாது.

கல்ச்சர் என்றால் என்ன என்று சில மாமிகள் கேட்டார்கள். அகர் என்ற ஜெல்லி மேல் சிறுநீரைத் தடவி, உடம்பின் சூட்டில் ஒரு நாள் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் காலனி கவுன்ட். அகர் என்பது வேறொன்றுமில்லை, கடல்பாசிதான். சைனா கிராஸ் வாங்கி வீட்டில் புட்டிங் செய்கிறோமே, அதே சாமான். 1881இல் ஜெர்மனியில் கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தியபோது, அது சூட்டில் உருகித் தொந்தரவு கொடுத்தது. ஃபேன்னி ஹெஸ்ஸே என்ற விஞ்ஞானியின் மனைவி, சமையலில் தான் உபயோகித்த அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் உலகம் முழுவதும் லேப்களில் அதுதான். சமையலறையிலிருந்து வந்த யோசனை என்பதை மாமிகள் குறித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஏன் பயப்படுகிறார்கள்?

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிறுநீரில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து, மார்பில் போட்ட தையலிலோ புது வால்விலோ போய் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. செயற்கை வால்வில் தொற்று வந்தால் அது உயிருக்கே ஆபத்து. என்டெரோகாக்கஸ் என்ற ஒரு வகைக் கிருமி, சிறுநீர்ப் பாதையிலிருந்து கிளம்பி வால்வைத் தாக்குவது உண்டு. அதனால், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் யூரின் கல்ச்சர் செய்து, கிருமி இருந்தால் மருந்து கொடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. சில இடங்களில் இன்றும் இருக்கிறது.

ஆனால் அந்த மருந்தால் பலன் உண்டா என்று கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் இருதயம், எலும்பு மூட்டு, ரத்தக்குழாய் ஆபரேஷன்கள் செய்துகொண்ட சுமார் 68 ஆயிரம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அறிகுறியற்ற கிருமிக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்ததால் ஆபரேஷன் காயத்தில் தொற்று குறையவில்லை. அதே 2019இல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. சிறுநீர்ப் பாதை சம்பந்தப்படாத, முன்கூட்டித் தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன்களுக்கு முன்னால், அறிகுறி இல்லாதவர்களிடம் கிருமியைத் தேட வேண்டாம், இருந்தாலும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று அது சொல்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் அறிகுறியற்ற கிருமிக்கும் அவர்கள் இதையேதான் சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. மார்பெலும்பைப் பிளந்து செய்யும் ஆபரேஷனில், காயத்தில் தொற்று வந்தால் பெரும்பாலும் அது தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இனக் கிருமிகளால் வருகிறது. அதனால்தான் முதல் நாள் மருந்து சோப்புக் குளியல், மூக்கில் களிம்பு, பல் பரிசோதனை எல்லாம். கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் போன்ற ஓர் ஊசியும் போடுகிறார்கள். அந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு.

"எனக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்கு முன்னால் கிருமிக்கு மருந்து கொடுத்தார்களே" என்று ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. சிறுநீர்ப் பாதையிலேயே கருவியை விட்டு அறுக்கும்போது, அங்கே உள்ள கிருமி நேராக ரத்தத்தில் கலக்கும். ஆகையால் அங்கே மருந்து அவசியம். கர்ப்பிணிகளுக்கும் அவசியம். இருதயத்துக்கு அந்த விதி பொருந்தாது.

உங்கள் சர்ஜன் யூரின் கல்ச்சர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். குறிப்பாக, வால்வு மாற்றும்போது சிலர் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பார்கள். நம் வயதையும் மற்ற வியாதிகளையும் பார்த்து முடிவெடுப்பது அவர் பொறுப்பு. தணிக்கையில் ஒரு வவுச்சர் காணவில்லை என்றால் உடனே கையாடல் என்று எழுதிவிட மாட்டோம், முதலில் விளக்கம் கேட்போம். ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்தாலும் அப்படித்தான். விளக்கம் தர வேண்டியது நம் உடம்பு. அதைச் சர்ஜனிடம் சரியாகச் சொல்ல வேண்டியது நாம்.

உண்மையான தொற்று என்றால்

இதுவரை இல்லாமல் புதிதாக எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது, அடக்க முடியாத அவசரம், அடிவயிற்றில் வலி, ரத்தம் கலந்து போவது, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, குளிர் நடுக்கத்தோடு ஜுரம். இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இது காகித வியாதி அல்ல. காத்திருந்து செய்யக்கூடிய ஆபரேஷன் என்றால், தொற்றை முழுவதும் குணப்படுத்திவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். ஆபரேஷன் காத்திருக்க முடியாத அவசரம் என்றால், இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். எது அவசரம் என்பதைச் சர்ஜனும் இருதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். பிள்ளையின் லீவும் பஞ்சாங்கமும் அதை முடிவு செய்யக் கூடாது.

நம் வயதில் சில குழப்பங்கள் உண்டு. இருதய நோயாளிகள் பலர் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதைச் சாப்பிட்டால் அடிக்கடி போகத்தான் வேண்டும். ப்ராஸ்டேட் உள்ளவர்கள் வருஷக்கணக்காக ராத்திரி நான்கு தடவை எழுந்திருப்பார்கள். அவை தொற்று அல்ல. வழக்கத்திலிருந்து மாறியது என்ன என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று, வயதானவர் திடீரென்று நிதானம் தவறிப் பேசினால், "யூரின் இன்ஃபெக்ஷன்தான்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். அதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஜுரமோ எரிச்சலோ இல்லாமல் குழப்பம் மட்டும் இருந்தால், நீர் வற்றியதா, சோடியம் குறைந்ததா, சர்க்கரை இறங்கியதா, புது மாத்திரையின் வேலையா, மலச்சிக்கலா என்றும் பார்க்க வேண்டும். யூரினில் கிருமி கிடைத்துவிட்டது என்று அங்கேயே தேடலை நிறுத்தினால், உண்மையான காரணம் தப்பித்துக்கொள்ளும்.

மருந்தும் இருதயமும்

தொற்று உறுதியானால் மருந்து வேண்டும். ஆனால் இருதய நோயாளிக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் சாதாரண மாத்திரை அல்ல. சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் வயதானவர்களுக்குத் தசைநார்களைப் பாதிக்கலாம், மனக்குழப்பம் தரலாம், சர்க்கரையைத் திடீரென்று இறக்கலாம், இருதயத் துடிப்பின் லயத்தையும் மாற்றலாம். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு, வேறு வழி இருக்கும்போது இவற்றைத் தரக் கூடாது என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கோ-ட்ரைமாக்ஸசோல், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். சில பிபி மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியத்தையும் ஏற்றும். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள் சிறுநீரகத்தைத் தொடக்கூடியவை. நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீர்ப்பைக்கு நல்ல மருந்துதான், ஆனால் சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு ஆகாது. ஆகவே, பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சர்க்கரைக்கு டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இருதயம் பலவீனமானவர்களுக்கும் இப்போது இவற்றைத் தருகிறார்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். அதனால் ரிப்போர்ட்டில் சர்க்கரை நாலு ப்ளஸ் என்று வந்தால் பயப்பட வேண்டாம், மருந்தின் வேலை அது. அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்றினால் அரிப்பு, எரிச்சல் வரலாம். அது வேறு வைத்தியம். ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பாக இந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். அது சொல்லப்பட்டதா என்று நாமே ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நம் ஆத்து வைத்தியங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பார்லி கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சி முள் கஷாயம், இளநீர். நாக்பூர் வெயிலில் நீர் குறைந்து வரும் சூட்டுக் கடுப்புக்குக் கஞ்சியும் நீர்மோரும் இதம்தான். ஆனால் தொற்று என்று ஆகிவிட்டால் கஞ்சி கிருமியைக் கொல்லாது. இருதய பலவீனத்துக்காக டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், கஞ்சியும் அந்த அளவில்தான் சேர்த்தி. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் குடிக்கக் கூடாது.

தண்ணீர் அளவு எதுவும் விதிக்கப்படாதவர்களுக்கு நேர் எதிரான புத்திமதி. ரயிலிலும் கல்யாணச் சத்திரத்திலும் பாத்ரூம் சுத்தமாக இருக்காது என்று மாமிகள் நாள் முழுவதும் தண்ணீரே குடிப்பதில்லை. ஏகாதசியன்று சிலர் சொட்டு நீரும் தொடுவதில்லை. அடக்கி வைப்பதும் நீர் குறைவதும் தொற்றுக்கு இடம் கொடுக்கும். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும்போது நிர்ஜல உபவாசம் வேண்டாம். பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாம்பிள் எடுப்பதிலும் ஒரு முறை உண்டு

பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. லேப் கொடுக்கும் சுத்தமான டப்பாவைத்தான் உபயோகிக்க வேண்டும். வீட்டு மாத்திரை பாட்டில் கூடாது. மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. தண்ணீரால் அந்த இடத்தைச் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பெண்கள் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்ய வேண்டும். ஓரிரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிட வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, மத்தியானம் பேரன் வந்ததும் கொடுத்தனுப்பினால், அந்த வெயிலில் கிருமி பெருகி, இல்லாத எண்ணிக்கையைக் காட்டும். இரண்டு மூன்று வகைக் கிருமிகள் கலந்து வந்திருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னால், பெரும்பாலும் சாம்பிள் எடுத்த முறையில் கோளாறு. மறுபடி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், கல்ச்சருக்குக் கொடுத்த பிறகுதான் ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரை.

டியூப் எப்போது எடுப்பார்கள்?

ஆபரேஷன் தியேட்டரில் சிறுநீர் டியூப் போடுவார்கள். மணிக்கு எவ்வளவு நீர் பிரிகிறது என்று அளந்துதான் இருதயமும் சிறுநீரகமும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கிறார்கள். அது அவசியம். ஆனால் டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஆபரேஷனுக்குப் பின் வரும் சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவை டியூபால் வருபவை. ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்ததும், "டியூப் இன்னும் தேவையா டாக்டர்?" என்று தினமும் மரியாதையாக ஒரு தடவை கேளுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் கொண்டு போகும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்தால் திரும்பப் போகும். இணைப்பை யாரும் கழற்றக் கூடாது. இந்தக் காவல் வேலையைப் பக்கத்தில் இருக்கும் நாம் செய்யலாம்.

எதற்காக இவ்வளவு கவலை

வேண்டாத மருந்தால் அத்திம்பேருக்கு ஒரு மாதம் போயிற்று. ஊருக்கு என்ன போகிறது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். இந்தியாவில் பிறந்து ஸ்வீடனில் வசித்த ஒருவர், புது டெல்லிக்கு வந்தபோது மருத்துவமனையில் சேர்ந்தார். 2008இல் ஸ்வீடன் திரும்பிய பிறகு அவருடைய சிறுநீரில், மிகக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்குகளுக்கும் மசியாத ஒரு கிருமி இருந்தது. அதன் சக்திக்குக் காரணமான என்சைமுக்கு நம் தலைநகரின் பெயரையே வைத்துவிட்டார்கள். என்.டி.எம். 1 என்பது அதுதான். அதைக் கண்டுபிடித்தது ஒரு சாதாரண யூரின் கல்ச்சர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, தவறாகப் பயன்படுத்தினால் கிருமிகள் பழகிவிடும் என்று எச்சரித்தார். நம் அரசாங்கமும் 2014 மார்ச் முதல், முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை எச் 1 பட்டியலில் சேர்த்து, சீட்டு எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளியின் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. பதிவேடு என்றால் எனக்குத் தனிப் பிரியம். ஆனால் சீட்டு இல்லாமல் போய் நிற்பவர்கள் நாமாக இருந்தால் பதிவேட்டில் என்ன எழுதுவார்? நம் உடம்பில் வேண்டாமல் பழக்கிவிட்ட கிருமி, ஆபரேஷனுக்குப் பிறகு உண்மையாகவே தொற்று வரும்போது, எந்த மருந்துக்கும் அசையாமல் நிற்கும். அன்றைக்குத்தான் அந்த மருந்து நமக்கு வேண்டியிருக்கும்.

வீட்டில் குறித்து வைத்துக்கொள்ள ஐந்து விஷயங்கள்:

1. இருதய ஆபரேஷனுக்கு முன் எரிச்சல், ஜுரம், விலா வலி எது இருந்தாலும் கூச்சப்படாமல் அன்றே சொல்லுங்கள். பெண் டாக்டரோ நர்ஸோ வேண்டும் என்று கேட்டால் தப்பில்லை.

2. எந்தத் தொந்தரவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி இருந்தால், மருந்தை ஆரம்பிக்கும் முன் அந்த ரிப்போர்ட்டை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் குழுவிடம் காட்டி, "எனக்கு அறிகுறி இல்லை, இது அவசியமா?" என்று கேளுங்கள்.

3. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கஷாயம் லேகியம் உட்பட, ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

4. டாக்டர் சொன்ன மருந்தைச் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மீதியை அடுத்த தடவைக்கு என்று டப்பாவில் சேர்த்து வைக்காதீர்கள்.

5. டியூப் எப்போது எடுப்பார்கள் என்று தினமும் விசாரியுங்கள்.

வெளியூரில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இந்த ஐந்தையும் போனில் படித்துக் காட்டினாலே பெரிய உபகாரம். அவர்களில் பலர் கேட்டால்தான் சொல்வார்கள். ஆகையால் பிள்ளைகளும் மாட்டுப்பெண்களும் மாப்பிள்ளைகளும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதோடு, "நீர் சரியாப் போறதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.